நனையாத உப்பு

"என் வீட்டுக்காரர் செத்துப் போகலை அண்ணாச்சி. செத்திருந்தா வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருப்பேன். உயிரோட இருக்காருன்னு தோணப்போயித்தான் உங்களத் தேடி வந்திருக்கேன்."

அருணாசலவடிவு இதைச் சொன்னபோது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. தூத்துக்குடி பீச் ரோட்டில், கப்பல் கயிறு விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது வன்னியபெருமாளின் துப்பறியும் நிலையம். ஜன்னலுக்கு வெளியே தோணிகளின் பாய்மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. வன்னியபெருமாள் முன்பு கஸ்டம்ஸில் இருந்தவர். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதையே இருபது வருஷம் உத்தியோகமாகச் செய்தவர்.

அவருடைய உதவியாளர் தேவகனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பன்னிரண்டு வருஷம் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டவள். மூன்று நிமிஷ காலுக்கு ஒரு பொய் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவளுக்கு.

"முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார் வன்னியபெருமாள்.

வடிவு சொன்னாள். அவள் கணவன் செந்தூர்பாண்டி, புதுத் துறைமுக வேலையில் வரைபடம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் இரண்டு சிநேகிதர்களோடு பொதிகை மலையில் ஐந்து நாள் நடந்துவிட்டு வருவான். முதுகில் பை, கையில் கம்பு, காட்டில் சமையல். இந்த வருஷமும் போன புதன்கிழமை மூன்று பேராகப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகத் திரும்பினார்கள்.

"பாணதீர்த்த அருவியில குளிக்கும்போது வழுக்கி விழுந்துட்டாராம். நேத்துல இருந்து அணைத் தண்ணியில தேடுதாங்க. ஒரு துண்டு துணிகூட கிடைக்கலை."

"நீங்க என்ன நினைக்கிறீங்க மைனி?" என்று கேட்டாள் தேவகனி.

வடிவு குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு வருஷமும் மலையில இருந்து வந்தா ஒரு வாரத்துக்கு முகம் தெளிஞ்சு, தானாச் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. மலையைப் பாத்துட்டு வாரவன் அப்படிச் சிரிப்பானா? அம்பாசமுத்திரம் பக்கம் எவளோ இருக்கா. இந்தத் தடவை அவகூடவே தங்கிட்டாரு. கூட்டாளிங்க ரெண்டு பேரும் அதை மறைக்காங்க."

"கல்யாணமாகி பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் சிரிச்சா சந்தேகப்பட வேண்டியதுதான்" என்றாள் தேவகனி.

வன்னியபெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டார். "செத்தவனையும் ஓடிப்போனவனையும் ஒரே மாதிரிதான் தேடணும். கடைசியாப் பார்த்தவங்ககிட்ட இருந்து ஆரம்பிப்போம்."

முதல் சிநேகிதன் செல்லப்பாண்டி தூத்துக்குடியிலேயே மேலூரில் இருந்தான். மாமனாரின் ஷிப்பிங் ஏஜென்சியில் கிளார்க். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிலில் படுத்திருந்தான். காய்ச்சல் என்றான். தேவகனி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கை அதைவிடச் சூடாக இருந்தது.

"எப்படிம்மா சொல்லுதது?" என்றான் செல்லப்பாண்டி. "நாலு நாளும் பேய் மழை. முன்னால போறவன் முதுகு தெரியாது. பை, படுக்கை, துணிமணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. அட்டைக்கடி வேற. அப்புறம் அந்த அருவி..." அங்கே குரல் உடைந்தது. நன்றாகவே உடைந்தது.

"பை எங்கே?"

கதவுக்குப் பின்னால் தொங்கியது, மிலிட்டரியில் கழித்துவிட்ட காக்கிப் பை. வன்னியபெருமாள் அதைக் கட்டில் மேல் கவிழ்த்தார். மடித்த சட்டைகள், டார்ச் லைட், அலுமினியத் தட்டு. அடியில் ஒரு சின்னத் துணிப்பை, வாய் நூலால் தைக்கப்பட்டு.

"இது?"

"உப்பு அண்ணாச்சி. அட்டை ஒட்டிக்கிட்டா உப்பு வச்சாத்தான் விடும். பைக்குள்ள எப்பவும் வச்சிருப்போம்."

"இந்தத் தடவை வச்சீங்களா?"

"அள்ளி அள்ளி வச்சோம்."

வன்னியபெருமாள் துணிப்பையைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். கல் உப்பு கலகலவென்றது. தைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். வெள்ளை வெளேரென்று, அன்று காலை உப்பளப் பாத்தியில் வாரியது போல உதிர்ந்தது.

செல்லப்பாண்டி அதைப் பார்த்தான். போர்வை இன்னும் ஒரு அங்குலம் மேலே ஏறியது.

"சட்டை நனைஞ்சா காயவச்சு மடிச்சு வைக்கலாம் தம்பி" என்றார் வன்னியபெருமாள். "உப்பு நனைஞ்சா உப்பாத் திரும்பி வராது. உப்பளத்து ஊர்க்காரன் நீ, இது உனக்கு நான் சொல்லணுமா? நாலு நாள் மழையில சொட்டச் சொட்ட நனைஞ்ச பைக்குள்ள இது மட்டும் எப்படிக் காய்ஞ்சு கிடக்கு?"

"அண்ணாச்சி, நாலு நாள் மழையில நனையாத உப்பு" என்றாள் தேவகனி. "ஜப்பானுக்கு ஏத்துமதி பண்ணலாம்."

செல்லப்பாண்டி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.

"சட்டையைப் போடு" என்றார் வன்னியபெருமாள். "உன் கூட்டாளி கடைக்குப் போவோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னா எனக்கு வேலை மிச்சம்."

காட்டன் ரோட்டில் கடிகாரக் கடை வைத்திருந்தான் மூஸா நெய்னா. காயல்பட்டணத்துக்காரன், முப்பது வயது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தை நோண்டிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே. பக்கத்தில் முக்காலி காலியாக இருந்தது.

"உக்காந்து பாருங்களேன்" என்றார் வன்னியபெருமாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நாலு நாள் மலை ஏறினதுல கால் வலி."

"கால் வலிக்கு நிக்கிற வைத்தியத்தை இன்னைக்குத்தான் கேள்விப்படுதேன்" என்றாள் தேவகனி.

வன்னியபெருமாள் துணிப்பையை எடுத்து, கடிகாரங்கள் வரிசையாக இருந்த கண்ணாடி மேஜையின் மேல் உப்பைக் கவிழ்த்தார். அது சலசலவென்று பரவியது. மூஸா நெய்னா உப்பைப் பார்த்தான், அப்புறம் செல்லப்பாண்டியைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"நான் எங்கலே சொன்னேன்? உப்பு சொல்லிட்டு."

மூஸா பூதக்கண்ணாடியைக் கழற்றினான். "அல்லாஹ்வே! அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க. நாங்க ரெண்டு பேரும் மலைக்கே போகலை. நான் நாகர்கோயில்ல ஒரு ஆஸ்பத்திரியில இருந்தேன். ஒரு ஆபரேஷன்."

"என்ன ஆபரேஷன்?"

மூஸா காலி முக்காலியைப் பார்த்தான். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

"அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். மூலத்துக்கு ஆபரேஷன்னு ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும்? வாப்பாகிட்டகூட சொல்லலை."

"நீ?" என்று செல்லப்பாண்டி பக்கம் திரும்பினார் வன்னியபெருமாள்.

"கொச்சிக்குப் போனேன். துபாய் கம்பெனி ஒண்ணு இண்டர்வியூ நடத்துச்சு. மாமா ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வேற வேலைக்கு அலையுதேன்னு மாமாவுக்குத் தெரிஞ்சா, ஆபீஸ்லயும் இடமில்ல, வீட்டுலயும் இடமில்ல."

இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதில் கதை இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்று பேரும் நிஜமாகவே மலைக்குப் போனார்கள். முதல் நாளே மூஸாவுக்குக் கால் கொப்புளித்தது. வழியில் யானைச் சாணியைப் பார்த்துச் செல்லப்பாண்டிக்குக் குளிர் ஜுரம் வந்தது. சாயங்காலமே இறங்கிவிட்டார்கள். ஆனால் ஐந்து நாள் வீட்டை விட்டு வெளியே இருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? அடுத்த வருஷத்திலிருந்து ஒரு ஏற்பாடு. மூன்று பேரும் முதுகில் பையோடு ஒன்றாகக் கிளம்ப வேண்டியது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிரிந்து அவரவர் ஜோலிக்குப் போக வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து ஊர் திரும்ப வேண்டியது.

"செந்தூர்பாண்டிக்கு என்ன ஜோலி?"

"அது எங்களுக்குத் தெரியாது" என்றான் செல்லப்பாண்டி. "நாங்க கேட்டதில்ல. ஒரு மரியாதைக்கு."

"மூணு பேரும் திருட்டுத்தனம் பண்ணும்போதும் மரியாதை குறையக்கூடாது பாருங்க" என்றாள் தேவகனி.

"பொம்பளை விஷயம்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம்" என்றான் மூஸா. "இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரலை. கடைசி பஸ் மட்டும் காத்துக்கிடந்தோம். அங்கனயே தங்கிட்டான், ரெண்டு நாள்ல வந்துருவான்னு பட்டுது. பின்னால வாரான்னு மைனிகிட்ட சொல்லத்தான் போனோம். அவங்க கேட்ட கேள்வியில என் வாயில அருவி வந்துட்டு."

"இவன் வழுக்கிட்டான்னு சொல்லிட்டான்" என்றான் செல்லப்பாண்டி. "வழுக்கினவனை நான் எப்படி அண்ணாச்சி பாதியில நிறுத்துதது?"

தேவகனிக்குச் சிரிப்பு வந்தது. வன்னியபெருமாளுக்கு வரவில்லை. அவர் உப்பை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"போன வருஷமெல்லாம் வீட்டுல கதை சொன்னீங்களே. மலையில இதைப் பார்த்தோம், அதைப் பார்த்தோம்னு. அதை யார் கட்டினது?"

"அவன்தான்!" மூஸாவின் முகம் மலர்ந்தது. "பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பான். மலையிலயே குடியிருக்கிற காணிக்காரங்க பாறை இடுக்குல தேன் எடுத்த கதை, கரடி குறுக்க வந்த கதை, விடியக்காலை மலை உச்சியில நின்னா ரெண்டு பக்கமும் கடல் மாதிரி மேகம் கிடக்கும்பான். கேட்டா நமக்கே புல்லரிக்கும். இப்படி ஒரு பொய்க்காரனை நான் பார்த்ததே இல்ல அண்ணாச்சி."

"பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது ஆள் எப்படி இருப்பான்?"

"அதுலயும் அவன் கெட்டிக்காரன்" என்றான் செல்லப்பாண்டி. "தாடியும் மீசையுமா, சட்டை கிழிஞ்சு, நொண்டிக்கிட்டு வருவான். கணுக்கால்ல அட்டைக்கடிகூட இருக்கும். ரத்தம் கசிஞ்சு, கறுத்து, நிஜம் மாதிரியே. எப்படிலே போட்டேன்னு கேட்டா சிரிப்பான். சொல்லித்தர மாட்டான்."

வன்னியபெருமாள் உப்பை ஒதுக்குவதை நிறுத்தினார்.

"நாடகக் கொட்டகையில இருபது வருஷம் வேஷம் கட்டினவனாலகூட அட்டைக்கடியைப் போட முடியாது" என்றார் வன்னியபெருமாள் மெதுவாக. "அது அட்டை கடிச்சுத்தான் வரும்."

செல்லப்பாண்டிக்கு முதலில் புரியவில்லை. மூஸாவுக்குப் புரிந்துவிட்டது. அவன் மறந்துபோய் முக்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

"அப்போ... அவன் நெசமாவே..."

"வருஷா வருஷம் போயிருக்கான். தனியா. உங்க மூணு பேர்ல பொய் சொல்லாதவன் அவன் ஒருத்தன்தான். அதனாலதான் நீங்க அவனைப் பொய்க்காரன்னு நினைச்சீங்க." வன்னியபெருமாள் எழுந்தார். "ஞாயிற்றுக்கிழமை இறங்க வேண்டியவன் இறங்கலை. இன்னைக்குச் செவ்வாய். மேலே எங்கேயோ விழுந்து கிடக்கான். தேட வந்தவங்க உங்க பேச்சை நம்பி அணைத் தண்ணியில படகை விட்டுக்கிட்டு இருக்காங்க. எந்த வழியில போனான்? யோசிச்சுச் சொல்லுங்க."

மூஸா மேஜை டிராயரை இழுத்தான். உடைந்த கடிகாரச் சங்கிலிகளுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். "வருஷா வருஷம் இப்படி ஒண்ணு வரைஞ்சு குடுப்பான். மூணு பேர் சொல்லுத கதையும் ஒத்துப் போகணும்னு குடுக்கான்னு நினைச்சோம். இது இந்த வருஷத்தது."

டிரேசிங் பேப்பரில், துறைமுகத்துக்கு வரைகிற அதே நேர்த்தியோடு, மலை வரைபடம். ஓடைகள் நீல மசியில், பாதை சிவப்பு மசியில். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். தங்கும் இடங்களில் கிழமை குறித்திருந்தது. பாணதீர்த்தத்தைத் தொடாமல் பாதை மேற்கே எட்டு மைல் தள்ளிப் போயிற்று. வெள்ளிக்கிழமை என்று எழுதிய இடத்தில் ஒரு செங்குத்தான பாறை விளிம்பு. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

தேவகனி அதை உரக்கப் படித்தாள். "'பாதை குறுகல். கை கோத்து வர முடியாது. ஒருவர் பின் ஒருவராக வரவும்.'"

படித்துவிட்டு, அவள் அதே வரியை விரலால் மறுபடி தொட்டாள்.

"தனியாப் போறவன் தனக்கு இப்படி எழுதிக்க மாட்டான்" என்றார் வன்னியபெருமாள். "பக்கத்துல டெலிபோன் எங்கே இருக்கு?"

செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தான். "மாமா ஆபீஸ்ல."

ஷிப்பிங் ஏஜென்சி முதலாளி சங்கரபாண்டியன் கனத்த மனிதர். மேஜையும் அவர் அளவுக்கே இருந்தது. மருமகன் காய்ச்சல் இல்லாமல் மூன்று பேரோடு உள்ளே வந்ததைப் பார்த்துக் கண்ணாடியைத் தூக்கினார். தேவகனி கேட்காமலே டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எக்ஸ்சேஞ்சா? யாரு, ரோஸம்மாளா? நான் தேவகனி. ஏளா, குசலம் அப்புறம். பாபநாசம் மேலணை ஆபீஸ். லைட்னிங் கால், எல்லாத்துக்கும் முந்திப் போடு. ஒரு ஆள் உயிர்."

இணைப்பு வந்ததும் மறுமுனையில் இருந்தவர் ஒரே கேள்வி கேட்டார். அருவியில் விழுந்தான் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கும்போது, படகை எதற்காக நிறுத்த வேண்டும்? தேவகனி ரிசீவரைச் செல்லப்பாண்டியிடம் நீட்டினாள்.

அவன் மாமனாரைப் பார்த்தான். ரிசீவரைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

"சார், நாங்க பாக்கலை. நாங்க மலைக்கே வரலை. நான் கொச்சியில துபாய் வேலைக்கு இண்டர்வியூ போயிருந்தேன். அவன் விழுந்தது அருவியில இல்ல. தயவுசெஞ்சு மேற்கே போகச் சொல்லுங்க."

அதன்பின் வன்னியபெருமாள் ரிசீவரை வாங்கி, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வழியைச் சொன்னார். ஓடை, வளைவு, மைல், பாறை. மறுமுனையில் எழுதிக்கொண்டார்கள். காணிக்காரர்கள் நாலு பேரை உடனே அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வன்னியபெருமாள் ரிசீவரை வைத்தார். சங்கரபாண்டியன் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துபாய் வேலை கிடைச்சுதா?"

"இல்ல மாமா."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, மேஜையில் இருந்த கடிதத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் வரை அந்த அறையில்தான் எல்லோரும் மாறி மாறிக் காத்துக்கிடந்தார்கள். வடிவுக்கு எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அவள் இரண்டு சிநேகிதர்களையும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் டெலிபோனை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. தேவகனி எடுத்தாள். கேட்டாள். கேட்டதை ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஆள் கிடைச்சாச்சு... உயிர் இருக்கு... பாறைக்குக் கீழே, வரைபடத்துல போட்டிருந்த இடத்துல... கால் ஒடைஞ்சிருக்கு... ஓடைத் தண்ணியும் அவலும் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரு... நல்ல பேச்சு மூச்சோட இருக்காரு."

வடிவு அப்போதுதான் அழுதாள்.

தேவகனி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னது? பயமா இல்லையான்னு காணிக்காரங்க கேட்டாங்களாம். 'எனக்கு என்ன பயம்? வரைபடம் என் கூட்டாளிங்க கையில இருக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் வரலைன்னா உடனே ஆளை அனுப்பிருவாங்க'ன்னு சொன்னாராம்."

ரிசீவரை வைத்தாள். மூஸா நெய்னா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். செல்லப்பாண்டி தரையைப் பார்த்தான்.

"காட்டு பங்களாவுல படுக்க வச்சிருக்காங்க" என்றாள் தேவகனி. "கீழே தூக்கிட்டு வர நாலு ஆள் வேணும். காணிக்காரங்க ரெண்டு பேரைத்தான் விட முடியுமாம்."

"மிச்சம் ரெண்டு பேர் இங்கன இருக்காங்க" என்றார் வன்னியபெருமாள்.

யாரும் மறுக்கவில்லை. மூஸாவின் ஆபரேஷனைப் பற்றி தேவகனி நினைவுபடுத்தினாள். மூஸாவே வேண்டாம் என்று கையை அசைத்தான்.

வியாழக்கிழமை அணையைத் தாண்டி ஏழு மைல் ஏற்றம். வடிவு முன்னால் நடந்தாள். ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வன்னியபெருமாளிடம் கேட்டாள். "நெசமாவே இங்கன வேற யாரும் இல்லையா அண்ணாச்சி?"

"மலைதான் இருக்கு."

"பொம்பளைன்னா சண்டை போட்டுப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். இதை நான் என்ன செய்ய?" என்றாள். கோபமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி நடந்தாள்.

மூஸா காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தான். செல்லப்பாண்டி இரண்டு இடத்தில் உட்கார்ந்தான், ஒரு இடத்தில் அழுதான். கடைசி வளைவில் மரங்கள் விலகின. காட்டு பங்களாவின் வராந்தாவில், மூங்கில் வைத்துக் கட்டிய காலோடு செந்தூர்பாண்டி படுத்திருந்தான். வடிவு ஓடிப்போய் அவன் தாடியைப் பிடித்துக் குலுக்கினாள், அப்புறம் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சிநேகிதர்கள் இரண்டு பேரும் படிக்குக் கீழேயே நின்றார்கள். சேறும் வியர்வையுமாக. செல்லப்பாண்டியின் கணுக்காலில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, அவன் கவனிக்கவில்லை.

"அங்கனயே நில்லுங்கலே, கொஞ்சம் பாத்துக்கிடுதேன்" என்றான் செந்தூர்பாண்டி. குரல் பலவீனமாக இருந்தது, கண்ணில் மட்டும் சிரிப்பு. "ஒரு வருஷமாவது வருவியன்னுதான் வரைஞ்சு வரைஞ்சு குடுத்தேன். கடைசியில உங்களை மலை ஏத்த ஒரு காலை ஒடைக்க வேண்டியதாப் போச்சு."

செல்லப்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூஸா நெய்னா திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கடல் மாதிரி கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நீ சொன்ன மாதிரியே இருக்குலே" என்றான்.